உப்பு இருந்த இடம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சிரிப்பதற்காகச் சொல்லப்பட்டது. நான் சிரிக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறது.

சொன்னவள் ராஜஸ்ரீ. கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்தவள். நான் மூன்று வருடத்தோடு அமிலத்துக்கும் காரத்துக்கும் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவள் விடாப்பிடியாகப் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, இன்று காளவாசலுக்கு மேற்கே ஒரு கல்லூரியில் கடல்பாசி ஆய்வுக்கூடம் நடத்துகிறாள். மதுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மதுரை மல்லி மட்டும் துபாய்க்குப் போகலாம், பாசி மண்டபத்துல இருந்து மதுரைக்கு வரக் கூடாதா?" என்றாள்.

மண்டபம் பக்கத்துக் கரையில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, கடலுக்குள் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிறார்கள். காயவைத்துச் சாக்கில் தைத்து அனுப்புகிறார்கள். வியாழக்கிழமை காலையில் ஒரு மினி வேன் கொண்டுவந்து இறக்கும். வந்ததை ராஜஸ்ரீ இரண்டு பங்காக்குவாள். ஒரு பங்கு, சாணக் கரைசலோடு மூடிய தொட்டிக்குள் போய்ப் புளித்து எரிவாயுவாகும். ஆய்வுக்கூடத்தின் நாலு மணி டீ அந்த வாயுவில்தான் கொதிக்கிறது. இன்னொரு பங்கு, காற்றுப் புகாத உலையில் வெந்து கரியாகும். இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற கரி இல்லை. மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது திருப்பிக் கொடுக்கிற கரி. "ஒரு நாள் இதுல டவுன் பஸ் ஓடும் பாரு" என்பாள். ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஏழு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கரி நடுவில் எட்டு மாதம் செத்துப்போய்விட்டதாம். மின்சாரத்தைப் பிடிக்கவே இல்லை. உலையை மாற்றினார்கள், சூட்டை மாற்றினார்கள், ஒரு மாணவனின் ஆய்வுத் தலைப்பையே மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால், அட்டெண்டர் பாசியை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி உப்பையெல்லாம் எடுத்துவிட்டிருக்கிறார். வாயுவுக்குப் போகிற பங்கைத்தான் கழுவ வேண்டும். உப்பு ஏறினால் தொட்டிக்குள் நுண்ணுயிர் பிழைக்காது. கரிக்குப் போகிற பங்கைக் கழுவவே கூடாது. இதைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

"தினம் அது முன்னாடிதான் நிக்கிறார். எட்டு மாசம் கழுவியிருக்கார்!" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

நான் எட்டு மாசம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு மனுஷன் இவ்வளவு நாள், இவ்வளவு பொறுமையாக ஒரு தப்பைச் செய்வானா? காரணம் வேறு எதுவோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. எழுதுகிறவனுக்கு இப்படிப் படுவது ஒரு வியாதி.

2

எப்படித் தொடங்குவது?

*கடலன்னை தன் பச்சைக் கூந்தலை அவிழ்த்து* — வேண்டாம். கடலுக்குக் கூந்தல் வைத்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

*எரிபொருளுக்காக உலகமே தவித்துக்கொண்டிருக்கும் இன்றைய சூழலில், நிலமோ நன்னீரோ உரமோ கேட்காமல் வளரும் கடல்பாசியானது* — இது ராஜஸ்ரீயின் திட்ட அறிக்கையில் முதல் வரி. ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த வாக்கியத்துக்குள் ஒரு ஆளை உட்கார வைக்க இடமில்லை.

*உசிலம்பட்டிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் வெள்ளைத்துரைக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.*

இதை வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை சாயங்காலங்களில் அவர்மேல் கடல் வாசம் அடிக்கும். மீன் வாசமும் இல்லை, சேற்று வாசமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மேற்கத்தி மானாவாரிக் காட்டு ஜனத்துக்கு அது என்னவென்று பிடிபடாது. "என்னண்ணே, கருவாட்டு ஏவாரம் பாக்குறீகளா?" என்று கண்டக்டர் கேட்பார். வெள்ளைத்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வெள்ளைத்துரை என்பது நான் வைத்த பெயர். நிஜ அட்டெண்டர் வேறு ஆள். என் ஆளுக்கு ஐம்பத்தாறு வயது. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊர், இரண்டு ஏக்கர் புஞ்சை, வற்றிப்போன ஒரு போர், இரண்டு எருமை, சின்னத்தாய் என்று ஒரு மனைவி. எல்லாம் நான் கொடுத்தது. இடது கைப் பழக்கத்தையும் நான்தான் கொடுத்தேன். அது ஏன் என்று பின்னால் தெரியும்.

ஒரு மகளையும் கொடுத்தேன். பெயர் சத்யப்ரியா. நிஜ அட்டெண்டருக்கு மகள் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ராஜஸ்ரீயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை.

3

சத்யப்ரியா ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போன இடத்தில், கடற்கரைப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். வேறு ஆட்கள். நீங்கள் இப்போது அரிவாளை எதிர்பார்ப்பீர்கள். வெள்ளைத்துரை அரிவாள் எடுக்கிற ஆள் இல்லை; கருவேல முள் வெட்டவே பக்கத்து வீட்டில் இரவல் கேட்பார். அவர் செய்தது வேறு. சொந்தபந்தம் எல்லாம் கூடி நின்று, அடுத்து என்ன செய்வதென்று அவர் முகத்தையே பார்த்தபோது, ஒரு சொல் சொன்னார்.

"அவ வீட்டு உப்பு இந்த ஒடம்புல சேராது."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்துவிட்டது. ஆறு வருடமாயிற்று. அதற்குப் பிறகு மகள் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. அவருடைய ஊரில், வானம் பொய்த்தாலும் வெள்ளைத்துரை பொய்க்க மாட்டார் என்பார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. சொன்ன சொல்லைச் சுமக்கிறவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். இறக்கிவைக்கலாம் என்று பக்கத்தில் நின்று சொல்ல யாரும் வருவதில்லை.

[எனக்கு ஒரு தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். நாங்கள் பேசி நாலு வருடமாகிறது. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. தகவலுக்காகச் சொன்னேன்.]

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, புதிதாக ஒரு கரையிலிருந்து சாக்குகள் வந்தன. வெள்ளைத்துரை இறக்கிவைத்துவிட்டு, வாயைப் பிரிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சாக்கு தைக்கிறவர்கள் எல்லோரும் எழுத்து அச்சடித்த பக்கத்தைத் தங்களுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, வலது மூலையில் தொடங்கி இடது மூலையில் முடிப்பார்கள். வெள்ளைத்துரை இடது கைக்காரர். இடதிலிருந்து தொடங்கி வலதில் முடிப்பார். கடைசிக் கண்ணியை இறுக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை நீட்டி விடுவார். அந்த நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தத் தையலும் சரசரவென்று வந்துவிடும். பருத்திக் காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தைக்கப் பழகியவள் சத்யப்ரியா. சோறு உண்பதும் எழுதுவதும் வலது கையில். கோணி ஊசியை மட்டும் அப்பனைப் போல இடது கையில் பிடிப்பாள். ஊரே கேலி பண்ணும்.

[இதைச் சரிபார்க்க, வில்லாபுரத்தில் என் வீட்டு அரிசிச் சாக்கை நானே இரண்டு விதமாகவும் தைத்துப் பார்த்தேன். பின்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தபோது கதையே போச்சு என்று நினைத்தேன். அச்சடித்த எழுத்துத்தான் காப்பாற்றியது. கட்டைவிரலில் ஊசி ஏறியது தனிக் கணக்கு.]

வந்திருந்த ஐந்து சாக்கில் நாலு இடதில் முடிந்திருந்தன. ஒன்று வலதில் முடிந்து, நுனி நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத்துரை சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. நுனியைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. அந்தச் சணலை எறியவில்லை. சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

4

இனி அவர் ஏன் கழுவினார் என்பதை நான் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் அவர் தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டார். சின்னத்தாய் உப்பு அளவாகப் போடுகிறவள். இரண்டாவது வாயில் கரித்தது. கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆனாலும் காலையெல்லாம் பாசி அள்ளிய கை, நகக்கண்ணில் தங்கிவிட்டது. யார் காயவைத்த பாசி, யார் வீட்டு உப்பு என்பது அவருக்கு உடனே விளங்கியது. வாயில் இருந்ததைத் துப்பவில்லை. விழுங்கவும் இல்லை. வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து, வலதில் முடிந்த சாக்குகளைக் கழுவ ஆரம்பித்தார். பிறகு எது யாருடைய கை பட்டதோ என்ற சந்தேகத்தில் எல்லாவற்றையும். மாணவர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள். எட்டு மணிக்கே பின்கட்டில் மூன்று தொட்டித் தண்ணீர் பிடித்து, வாயுவுக்கு, கரிக்கு என்று பேதம் பார்க்காமல் அலசி, மொட்டை மாடியில் பரப்பிவிடுவார். மதுரை வெயிலுக்கு அதைக் காயவைப்பது ஒரு வேலையே இல்லை. தொட்டியில் வாயு பிரமாதமாகப் பிடித்தது, எல்லோரும் பாராட்டினார்கள். கரி மட்டும் செத்தது.

காரணம் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கழுவினார். ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீம்புக்குக் கழுவுகிறவன் வாளியில் முக்கி எடுத்து உதறிவிட்டுப் போவான். இந்த ஆள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்து, சிக்கெடுத்து, பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுவது போல ஒரு மணி நேரம் அலசுகிறார். (கூந்தல் வேண்டாம் என்று சொன்னவனே கொண்டுவந்துவிட்டேன். விட்டுவிடுங்கள்.) தன் போர் வற்றியதிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைக்கூட வீணாக்காதவர், இங்கே மூன்று தொட்டி கொட்டுகிறார். அவருக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. உப்பு அந்தச் சாக்கு.

இன்னொன்றும் செய்தார். நாலு மணிக்கு வாயு அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் டீ போடுவது அவர் வேலை. முன்பெல்லாம் தான் குடிக்காமல் ஒதுங்கிவிடுவார். இப்போது கடைசி டம்ளரைத் தனக்கு எடுத்துக்கொண்டு, அடுப்பின் நீலச் சுவாலையைப் பார்த்தபடி சொட்டு விடாமல் குடிப்பார். தீயில் உப்பு இல்லையே. மகளின் பாசி எரிந்த சூட்டில் கொதித்த டீ, அவருடைய சொல்லை மீறாமல் உள்ளே போனது. பிடிவாதக்காரர்களுக்கு இந்த மாதிரி சந்துபொந்து தெரியாமல் இருக்காது.

5

எட்டாவது மாதம் ராஜஸ்ரீ ஒரு முடிவுக்கு வந்தாள். (கதைக்குள்ளும் அவள் ராஜஸ்ரீதான். வேறு பெயர் வைத்தால் கோபித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள்.) கடலில் விளைந்த பாசியில் உப்பே இல்லை என்றால், அந்தப் பெண்கள் அங்கேயே அலசித்தான் அனுப்புகிறார்கள் என்று முடிவு கட்டினாள். குழுத் தலைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வெள்ளைத்துரை பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றார்.

"சத்தியமா நாங்க கழுவல மேடம்" என்றது அந்தக் குரல். "குடிக்கிற தண்ணிக்கே கொடத்தத் தூக்கிட்டு வண்டி வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கோம். பாசி கழுவத் தண்ணிக்கு நாங்க எங்க போவோம்?"

"அப்ப உப்பு எங்க போச்சு? பொய் சொல்லாதீங்கம்மா. அடுத்த மாசத்துல இருந்து வேற கரையில வாங்கிக்கிறோம். வர்ற வியாழக்கிழமை கடைசி" என்று ராஜஸ்ரீ போனை வைத்துவிட்டாள்.

அவருடைய மகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வண்டிக்கு நிற்கிறாள். அவர் இங்கே மூன்று தொட்டி. இனி அந்தச் சாக்கும் வராது. போகிற போக்கில் பொய்க்காரி என்ற பட்டமும் அவளுக்கு. இரண்டும் அவருடைய கையால்.

"நான்தான் கழுவினேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரைச் சொல்லவைக்க நான் பதினொரு நாள் முயன்றேன்.

*வெள்ளைத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம்" என்றார். ராஜஸ்ரீ நிமிர்ந்தாள். "ஒண்ணுமில்ல மேடம்,*

*"மேடம், அந்தப் பொம்பளைக மேல தப்பில்ல" என்று சொல்ல வாயெடுத்தவர் பால் பாக்கெட்டை*

*மறுநாள் காலையில் அவர்*

ஒன்றும் நடக்கவில்லை. நானே உண்டாக்கிய ஆள் என் பேச்சைக் கேட்கவில்லை.

6

வேறு வழியில்லாமல் நிஜ அட்டெண்டரைப் பார்க்கப் போனேன். அவர் பெயர் சங்கிலி. எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க சார்" என்றார். காளவாசலில் ஒரு டீக்கடை முன்னால் நின்றோம்.

"ஏண்ணே எட்டு மாசம் கழுவுனீங்க?"

"மண்ணு சார். பாசியில கடல் மண்ணு கெடக்கும். ஒருக்கா உலையில மண்ணு விழுந்து மேடம் வஞ்சுபுடுச்சு."

"சுவத்துல எழுதியிருக்கே?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்துப் புரியாது சார். மேடத்துக்கிட்டச் சொல்லிறாதீக."

சொல்ல மாட்டேன் என்றேன். இப்போது அச்சிலேயே போட்டுவிட்டேன். அவர் கண்ணாடி போட்டுவிட்டதால் மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

ஆக, மகள் இல்லை. இரண்டு பையன்கள், திருப்பூரில் வேலை. உப்பு இல்லை, சொல் இல்லை, சணல் இல்லை. கண்ணாடி இல்லாதது மட்டும்தான் உண்மை. வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில், நான் எழுதியிருந்த வரை அவரிடம் சொன்னேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிய சத்தத்தில், அவர் என் வாயருகே காதை வைத்துக் கேட்டார்.

முடித்ததும் மீதி டீயைக் குடித்தார். பிறகு, "அவரு சம்சாரம் என்ன சொல்லுச்சு?" என்றார்.

"யாரு?"

"அதான், சின்னத்தாய்னு சொன்னீகள்ல. மகளப் பெத்தவ. அது ஆறு வருசமா வாய மூடிக்கிட்டா இருந்துச்சு?"

அவளுக்கு நான் தயிர்ச்சோறு கட்டிக் கொடுக்கும் வேலையைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை.

"எங்க வீட்ல இருந்தவ போயி மூணு வருசமாச்சு சார்" என்றார் சங்கிலி. "அவ இருந்திருந்தா மொத வாரமே கேட்டிருப்பா, என்னய்யா மேலெல்லாம் ஈரமா வாரீகன்னு. எட்டு மாசமெல்லாம் ஆகியிருக்காது."

டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பியவர் திரும்பி, "உங்க வீட்ல யாரு சார் பேசாம இருக்கா?" என்று கேட்டார்.

என் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன். என் பஸ் வரவில்லை.

7

சின்னத்தாயை எழுதத் தொடங்கியதும் கதை தானாக நடந்தது.

கடைசி வியாழக்கிழமைக்கு முந்தின நாள் காலை. வெள்ளைத்துரை பஸ்ஸுக்குக் கிளம்பி, தூக்குவாளிக்குக் கை நீட்டுகிறார். சின்னத்தாய் கொடுக்கவில்லை.

"பிள்ள நேத்துல இருந்து அழுகுது" என்றாள்.

எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு பிள்ளைதான்.

"எம்புட்டு நாளாப் பேசுற?"

"நீங்க பேசாம விட்ட மறுநாள்ல இருந்து."

அவர் செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"நீங்க வேல பாக்குற எடத்துக்குப் பாசி அனுப்பச் சொன்னதே நான்தான். ஒங்க கைக்கு வந்து சேரும்ல. அவ தையலப் பாத்ததும் அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமாம்மான்னு வாரத்துக்கு வாரம் கேப்பா. அவரு ஒண்ணும் சொல்லல ஆத்தான்னு சொல்லுவேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"சட்டையத் தொவைக்கிறவ நான்தான? வாரம் ஒரு சணலு. எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னாடி வச்சிருக்கேன். முப்பத்திரண்டு இருக்கு. நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்." தூக்குவாளியை அவர் கையில் திணித்தாள். "நாங்க கழுவலம்மா, பொய்யி சொல்றோம்னு பேசுறாக, ஒனக்கு ஏதாச்சும் தெரியுமான்னு கேட்டு அழுகுது. நான் என்னன்னு சொல்ல? வியாழக்கெழமைக்கு வியாழக்கெழம ஒங்க வேட்டி முழங்கால் வரைக்கும் தண்ணிக் கறை. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். மொத தடவையா எம்பிள்ளகிட்டப் பொய் சொன்னேன்."

அவள் அழவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

8

அன்று காலை பத்து மணிக்கு வெள்ளைத்துரை ராஜஸ்ரீயின் மேஜை முன்னால் நின்று, "நான்தான் மேடம் கழுவுனேன். எட்டு மாசமா" என்றார்.

"எதுக்கு?"

இதற்கு நாலு பதில் எழுதி நாலையும் அடித்துவிட்டேன். அவர் சொன்னது இதுதான்: "உப்பு வேணாம்னு நெனச்சேன் மேடம்."

ராஜஸ்ரீ எழுந்து ஜன்னலுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போனாள். திட்டுவதற்கு வார்த்தை தேடினாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தேடுவதை நிறுத்திவிட்டாள் என்று எழுதுகிறேன். (நிஜத்தில் நன்றாகத் திட்டியிருக்கிறாள்.) மறுநாள் வந்த சாக்கைக் கழுவாமல், உதறி மட்டும் உலைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கரி வந்தது. மின்சாரத்தைப் பிடித்தது. பிடித்தது மட்டுமில்லை, விடவே இல்லை. மாணவர்கள் கத்திய சத்தத்தில் கீழ்த்தளத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அவருக்கும் விளங்கட்டும் என்று ராஜஸ்ரீ கருவியின் திரையைக் காட்டினாள். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிய கரித் துண்டு. தேன்கூடு மாதிரி முழுக்க ஓட்டை.

"உள்ள உப்பு உட்கார்ந்திருக்கும். தீ எரியறப்போ அதைச் சுத்திக் கரி உருவாகும். ஆறினதும் கழுவினா உப்பு கரைஞ்சு வெளியே போயிடும், அது இருந்த இடம் காலியா நிக்கும். இந்தக் காலி இடத்துலதான் மின்சாரம் தங்குது."

வெள்ளைத்துரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப உப்பு போகணும்தான மேடம்?"

"போகணும். ஆனா இருந்துட்டுப் போகணும். நீங்க முன்னாடியே எடுத்துட்டீங்க. இருக்கவே விடலை."

அவர் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். காயவைக்க அன்று அங்கே ஒன்றும் இல்லை.

ராஜஸ்ரீ கரைக்குப் போன் போட்டு, தப்பு எங்கள் பக்கம், மன்னித்துக்கொள்ளுங்கள், சாக்கு எப்போதும் போல வரட்டும் என்றாள். யார் கழுவியது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். "எங்க அட்டெண்டர், வெள்ளைத்துரைன்னு" என்றாள். குழுத் தலைவி அந்தப் பெயரை, பக்கத்தில் பாசி உதறிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்து உரக்கத் திருப்பிச் சொன்னது போனில் கேட்டது.

9

அடுத்த வியாழக்கிழமை. ஐந்து சாக்கு. வலதில் முடிந்த ஒன்று. நுனி நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத்துரை இழுத்தார்.

பாசிக்கு மேலே ஒரு பனையோலைக் கொட்டான், வாய் கட்டி இருந்தது. சீட்டு எதுவும் இல்லை. பிரித்தார். நாலு வட்டு பனங்கருப்பட்டி. அந்தக் கரைச் சீமையில் காய்ச்சியது.

அவர் அதை உடனே புரிந்துகொண்டார். கருப்பட்டியில் உப்பு கிடையாது. ஆறு வருடம் கழித்து மகள் அப்பனுக்கு ஒன்று கொடுத்துவிட நினைத்தபோது, கருவாடு இல்லை, நண்டு இல்லை, முறுக்கு இல்லை. அவருடைய சொல் முறியாமல் அவருக்குள் போகக்கூடிய ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறாள். சந்துபொந்து கண்டுபிடிக்கிற புத்தி வேறு எங்கிருந்து வரும்?

இப்போது மணி நாலு. வாயு அடுப்பு எரிகிறது. பால் சூடேறிக்கொண்டிருக்கிறது. கொட்டான் அடுப்பு மேடையில் இருக்கிறது. முடிவு எழுத வேண்டும்.

*அவர் ஒரு வட்டை உடைத்துப் பாலில் போட்டார். சொல்லும் முறியவில்லை,* — அப்படியானால் வாரம் ஒரு கொட்டான், வாரம் ஒரு டீ. சாகும் வரைக்கும் இரண்டு பேரும் இடுக்கு வழியாகவே பேசிக்கொண்டிருப்பார்கள். அழகாக இருக்கிறது, அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

*அவர் கொட்டானைத் தொடாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சின்னத்தாயிடம்* — மறுபடி அவள் தலையில் கட்டுகிறேன்.

*அவர் கருப்பட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, சாக்குக்குள் கையை விட்டு, ஒரு இழைப் பாசியை எடுத்து, உப்போடு வாயில்*

இதை முடிக்கத்தான் எனக்கு ஆசை. அவரிடம் கேட்டுப் பார்த்தேன். அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேற்று சங்கிலி எனக்குப் போன் செய்து, "சார், அந்த ஆளு என்ன செஞ்சாரு?" என்றார். தெரியவில்லை என்றேன். "அதெப்படித் தெரியாது? உங்களுக்குன்னா நீங்க என்ன செய்வீக?" என்றார்.

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். பால் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. அவர் கவனிக்க மாட்டார். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். தீயைக் குறைத்தாலும் சரி, அவர் தோளைத் தொட்டாலும் சரி, எதை அவர் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அதைக் கொடுங்கள்.

நான் கொஞ்சம் வெளியே போகிறேன். கோயம்புத்தூருக்கு ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது.